கொதிநீருக்குள் ஒரு பழுதுபார்க்கும் பட்டறை

விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். பார்க்காவிட்டாலும் அங்கே வார்த்த பொம்மை ஒன்று உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கலாம். எங்கள் திட்டக்குடியிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரலாம். களிமண்ணைக் குழைத்து, அச்சில் வார்த்து, நிழலில் காயவைத்து, சூளையில் அடுக்கி, ஆயிரம் டிகிரி சென்டிகிரேடுக்கும் மேலே சூடேற்றுகிறார்கள். உள்ளே போகும்போது விரல் பட்டால் நசுங்கும் பொம்மை, வெளியே வரும்போது கல்லாக வருகிறது.

இப்போது அடுப்படிக்கு வாருங்கள். ஒரு முட்டையை வேகவைக்கிறோம். தண்ணீர் முழுதாகக் கொதிப்பதற்கு முன்பே, எழுபது எண்பது டிகிரியில், வெள்ளைக்கரு கெட்டியாகிவிடுகிறது. அதை எவ்வளவு குளிர வைத்தாலும் பழைய நிலைக்கு வராது. மண்ணுக்கு வலுவைக் கொடுக்கும் வெப்பம் உயிர்ப்பொருளைக் குலைத்துவிடுகிறது. பாலைக் காய்ச்சுவதும், குடிநீரைக் கொதிக்க வைப்பதும், மருத்துவமனையில் கத்தியையும் ஊசியையும் நீராவியில் வைப்பதும் இதை நம்பித்தான்.

அப்படியிருக்க, 100 டிகிரி வெந்நீரில்தான் எனக்குச் சுகம், 70 டிகிரிக்குக் கீழே போனால் வளரவே மாட்டேன் என்று சொல்லும் உயிர்களும் இவ்வுலகில் இருக்கின்றன! அவற்றின் புரதங்கள் ஏன் முட்டைபோல் வெந்து போவதில்லை? அவற்றின் டி.என்.ஏ. ஏன் அறுந்து சிதறுவதில்லை? இக்கேள்விகளைத் துரத்திப் போனவர்களுக்கு, நம்முடைய உடலுக்குள் நடக்கும் பழுதுபார்ப்பைப் பற்றியும் விடை கிடைத்தது. நான் பௌதிகம் கற்பிப்பவன். உயிரியல் என் துறையன்று. ஆனால் இது முழுக்க முழுக்க வெப்பத்தின் கதை என்பதால் துணிந்து எழுதுகிறேன்.

வெப்பம் செய்யும் சேதம்

வெப்பம் என்பது மூலக்கூறுகளின் ஓயாத ஆட்டம். சூடு ஏறினால் ஆட்டம் கூடும், மோதல்கள் பலமாகும், வலுக்குறைந்த பிணைப்புகள் அறும். வெப்பநிலை பத்து டிகிரி கூடினால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அது ஒரு தோராயக் கணக்குதான். சில பிணைப்புகளின் விஷயத்தில் ஏற்றம் இதைவிட மிகக் கடுமையானது.

1970களின் தொடக்கம் வரை டி.என்.ஏ. மிகவும் உறுதியான மூலக்கூறு என்றே பெரும்பாலோர் நினைத்திருந்தனர். தலைமுறை தலைமுறையாகப் பரம்பரைச் செய்தியைச் சுமக்கும் பொருள் உறுதியாகத்தானே இருக்க வேண்டும்? ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி தாமஸ் லிண்டால் இதைச் சோதித்துப் பார்த்தார். டி.என்.ஏ. கரைசலைச் சூடாக்கி, அது எந்த வேகத்தில் சிதைகிறது என்று அளந்தார். அதிலிருந்து உடல் சூட்டில் என்ன நடக்கும் என்று கணக்கிட்டார். விடை திடுக்கிட வைத்தது. மனித செல் ஒவ்வொன்றிலும், நாள்தோறும், சுமார் 10,000 இடங்களில் டி.என்.ஏ. ஏணியின் படிகளாக உள்ள காரங்கள் தாமாகவே கழன்று விழுகின்றன. வேறு சில இடங்களில் சைட்டோசைன் என்ற எழுத்து யுராசில் என்ற தவறான எழுத்தாக மாறிவிடுகிறது. வெயிலும் வேண்டாம், விஷமும் வேண்டாம்; 37 டிகிரி சூடும் தண்ணீரும் போதும். இவ்வளவு சேதத்திலும் நாம் பிழைத்திருக்கிறோம் என்றால் செல்லுக்குள் யாரோ இடைவிடாமல் பழுதுபார்த்துக் கொண்டிருக்க வேண்டும். 1974-இல் அத்தகைய ஒரு நொதியை லிண்டாலே கண்டுபிடித்தார். 2015-இல் பால் மாட்ரிச், அஜீஸ் சான்ஜார் ஆகியோருடன் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் காரங்கள் கழலும் வேகத்தை 100 டிகிரிக்குக் கணக்கிட்டுப் பாருங்கள். 37 டிகிரியில் உள்ளதைப் போல் சில ஆயிரம் மடங்கு வருகிறது. அந்தச் சூட்டில் வாழும் உயிருக்கு எப்படிப்பட்ட பட்டறை வேண்டும்!

வெந்நீர் ஊற்றும் நிலக்கரிக் குப்பையும்

1964-இல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் பிராக், எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் வெந்நீர் ஊற்றுகளைப் பார்த்தார். சுற்றுலா வந்தவர்கள் எல்லாம் பீறிடும் நீரைப் பார்த்தார்கள். அவர் கரையில் படிந்திருந்த நிறங்களைப் பார்த்தார். அடுத்த சில கோடைகளை அங்கேயே கழித்தார். 1966-இல் ஹட்சன் ஃப்ரீஸ் என்ற இளநிலை மாணவருடன் சேர்ந்து, 70 டிகிரியில் செழித்து வளரும் பாக்டீரியம் ஒன்றைப் பிரித்தெடுத்தார். 1969-இல் அதற்குத் தெர்மஸ் அக்குவாட்டிகஸ் என்று பெயர் சூட்டினார்கள். இன்று டி.என்.ஏ.வை ஆய்வுக்கூடத்தில் படியெடுக்கும் பி.சி.ஆர். முறைக்கு அடித்தளமான நொதி இதிலிருந்து வந்தது. அது தனிக் கதை.

நம் கதைக்கு வேண்டியது அடுத்த கண்டுபிடிப்பு. நெய்வேலிப் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும்: பழுப்பு நிலக்கரியைக் குவித்து வைத்தால் அது காற்றுடன் வினைபுரிந்து தானே சூடேறும், கவனிக்காமல் விட்டால் தானே தீப்பிடிக்கவும் செய்யும். இண்டியானாவில் நிலக்கரியைப் பிரித்தபின் கொட்டிய கழிவுக் குவியல்கள் இப்படித்தான் உள்ளுக்குள் கனன்று கொண்டிருந்தன. அவற்றில் உள்ள கந்தகத் தாதுக்கள் கந்தக அமிலமாகவும் மாறிக்கொண்டிருந்தன. பிராக்கின் குழுவினர் 1970-இல் அந்தக் குப்பையிலிருந்து ஒரு நுண்ணுயிரைக் கண்டெடுத்தார்கள். அதற்குப் பிடித்த சூடு 59 டிகிரி. பிடித்த நீர் எலுமிச்சைச் சாற்றைவிடக் கடுமையான அமிலம். பாக்டீரியாக்களுக்கு உள்ள செல் சுவர் கூட அதற்குக் கிடையாது. தெர்மோபிளாஸ்மா அசிடோஃபிலம் என்பது அதன் பெயர். இப்பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் வரும். 1972-இல் எல்லோஸ்டோனின் அமில ஊற்றுகளிலிருந்து சல்ஃபோலோபஸ் வந்து சேர்ந்தது. அது 75, 80 டிகிரியில் வாழ்வது.

இவை விநோதமான பாக்டீரியாக்கள் என்றே எல்லோரும் எண்ணினர். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கார்ல் வூஸ் என்பவர் வேறு விதமாக எண்ணினார். (இளமையில் கணிதமும் பௌதிகமும் படித்தவர் என்பதைச் சற்றுப் பெருமையோடு குறிப்பிடுகிறேன்.) எல்லா உயிர்களிலும் உள்ள ரைபோசோம் என்ற புரத ஆலையின் ஆர்.என்.ஏ.வைத் துண்டு துண்டாக வெட்டி, அத்துண்டுகள் ஃபிலிமில் பதித்த புள்ளிகளை ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டு வந்தார். மீத்தேன் வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்களின் புள்ளிகள் பாக்டீரியாவோடும் சேரவில்லை. நம்மைப் போன்ற உயர்செல் உயிர்களோடும் சேரவில்லை. இது மூன்றாவது பெருங்கிளை என்று அவரும் ஜார்ஜ் ஃபாக்ஸும் 1977 நவம்பரில் அறிவித்தனர். செய்தித்தாள்களில் முதல் பக்கத்தில் வந்தது; விஞ்ஞானிகள் பலர் முகம் சுளித்தனர். நோபல் பரிசு பெற்ற சால்வடோர் லூரியா, வூஸின் சக ஆராய்ச்சியாளர் ரால்ஃப் வுல்ஃபைத் தொலைபேசியில் அழைத்து, இந்த அபத்தத்திலிருந்து விலகிக்கொள்ளும்படி சொன்னாராம். வுல்ஃப் பின்னாளில் தாமே இதை எழுதியிருக்கிறார். அடுத்த ஆண்டே தெர்மோபிளாஸ்மாவும் சல்ஃபோலோபஸும் அந்த மூன்றாம் கிளையில் சேர்ந்தன. இக்கிளைக்கு 1990 முதல் ஆர்க்கியா என்று பெயர். தமிழில் தொல்லுயிரிகள் எனலாம்.

ஜெர்மனியில் அதை உடனே நம்பியவர்களும் உண்டு. அவர்களில் ஒருவரான கார்ல் ஸ்டெட்டர், இத்தாலியின் வுல்கானோ எரிமலைத் தீவின் கரையோரக் கடலடியிலிருந்து 105 டிகிரியில் வளரும் உயிரை 1982-இல் அறிவித்தார். 1986-இல் அதே தீவிலிருந்து பைரோகாக்கஸ் ஃபியூரியோசஸ் வந்தது. 100 டிகிரியில் அது 37 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பெருகுகிறது! இன்றுவரை அறியப்பட்ட உச்சம் 122 டிகிரி. 2008-இல் ஜப்பானியர் கடலடி உயிர் ஒன்றை உயர் அழுத்தத்தில் வளர்த்துக் காட்டியது. மருத்துவமனை நீராவிப் பாத்திரத்தின் சூடு 121 டிகிரிதான். அஞ்ச வேண்டாம், நம் உடல் சூட்டில் இவை வளரா.

அறுந்த நூலை முடிபவர்கள்

சூட்டில் டி.என்.ஏ.வுக்கு இரண்டு ஆபத்துகள். முதலாவது, அதன் இரண்டு இழைகளும் பிரிந்து போவது. நம் நாட்டில் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் சூரியநாராயணாவும் ரெட்டியும் இதை ஆராய்ந்தனர். சல்ஃபோலோபஸின் டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு புரதங்களைப் பிரித்து, அவற்றில் சில டி.என்.ஏ.வின் இழைகள் பிரியும் வெப்பநிலையை உயர்த்திவிடுகின்றன என்று 1988, 1989 ஆண்டுகளில் காட்டினர். மற்றொரு காவலாளியை ஜப்பானில் கிக்குச்சியும் அசாயும் 1984-இல் கண்டிருந்தனர். ஏற்கெனவே முறுக்கிய கயிற்றை அதே திசையில் இன்னும் முறுக்கினால் இழைகள் பிரிவது கடினமாகும் அல்லவா? டி.என்.ஏ.வை அப்படி முறுக்கிவிடும் நொதி அது. வெப்பம் விரும்பும் உயிர்களின் தனி அடையாளம் என்றே இதைச் சொல்லலாம்.

இரண்டாவது ஆபத்து பெரியது: இழைகள் அறுவது. 1997-இல் அமெரிக்காவில் ஜோசலின் டிரூஜிரோவின் குழுவினர் பைரோகாக்கஸ் மீது 2,500 கிரே அளவுக்குக் கதிர்வீச்சைப் பாய்ச்சினர். மனிதனைக் கொல்ல ஐந்து கிரே போதும். பைரோகாக்கஸின் டி.என்.ஏ. துண்டு துண்டானது. பிறகு அதை 95 டிகிரியில் வைத்தார்கள். துண்டுகள் மீண்டும் சேர்ந்து முழு டி.என்.ஏ. ஆயின. கடலடியில் வாழும் உயிருக்கு அணுக்கதிரைத் தாங்கும் ஆற்றல் எதற்கு? வெப்பம் அறுப்பதை முடியக் கற்ற கை, கதிர் அறுப்பதையும் முடிகிறது என்று கருதுகிறார்கள்.

அந்தக் கை எது? இங்கேதான் நம்முடைய கதை தொடங்குகிறது. அறுந்த டி.என்.ஏ.வை ஒட்டும் நம் நொதிகளில் ராட்-50, எம்ஆர்இ-11 என்ற ஜோடி முக்கியமானது. அதில் பழுதோடு பிறக்கும் குழந்தைகளுக்கு நடை தள்ளாடும். செல்கள் கதிர்வீச்சைத் தாங்கா. அதன் வடிவத்தைக் காண வேண்டுமானால் அதைப் படிகமாக்கி எக்ஸ் கதிர்களைப் பாய்ச்ச வேண்டும். நம்முடைய புரதங்களோ எளிதில் குலைந்துவிடுபவை; பல துணைப் புரதங்கள் சூழ்ந்தால்தான் நிற்பவை. பைரோகாக்கஸிடம் அதே ஜோடி, துணைகளின்றி, கல்போல் இருந்தது.

இப்படிப்பட்ட புரதத்தைத் தூய்மையாக்கும் வழியைச் சொல்லியே ஆக வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பைரோகாக்கஸின் ஜீனை எடுத்து, நம் குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்துகிறார்கள். அது தன் ஆயிரக்கணக்கான புரதங்களோடு இதையும் தயாரிக்கிறது. பிறகு செல்களை உடைத்து, அந்தச் சாற்றை 70, 80 டிகிரிக்குச் சூடாக்குகிறார்கள். ஈ. கோலையின் சொந்தப் புரதங்களில் பெரும்பாலானவை முட்டையின் வெள்ளைக்கருபோல் திரிந்து அடியில் படிந்துவிடும். வேண்டிய புரதம் மட்டும் எதுவும் நடக்காததுபோல் மேலே தெளிந்த நீரில் நிற்கும். நாட்கணக்கில் செய்யும் வேலை அரை மணி நேரத்தில் பெருமளவு முடிந்துவிடுகிறது. நம் அடுப்படி அறிவு!

இவ்வழியில் அமெரிக்காவில் ஜான் டெய்னரும் கார்ல்-பீட்டர் ஹாஃப்னரும் 2000, 2001, 2002 ஆண்டுகளில் அந்த ஜோடியின் வடிவத்தைப் பகுதி பகுதியாகக் கண்டனர். ராட்-50 நீண்ட கை போன்றது. நுனியில் ஒரு கொக்கி. இரண்டு கொக்கிகள் நடுவே ஒரு துத்தநாக அணுவைப் பிடித்துக்கொண்டு இணைகின்றன. அறுந்த இரு முனைகளும் விலகிப் போகாமல் இப்படித்தான் பிடித்து நிறுத்தப்படுகின்றன.

வெயிலைத் தாங்க முடியாத குழந்தைகளைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். சிறிது நேர வெயிலிலேயே தோல் புண்ணாகி, இள வயதிலேயே புற்றுநோய் வரும் பரம்பரை நோய் அது. புற ஊதாக்கதிர் டி.என்.ஏ.வில் செய்யும் சேதத்தைச் செப்பனிட முடியாததே காரணம் என்று ஜேம்ஸ் கிளீவர் 1968-இல் காட்டினார். இந்நோயோடு தொடர்புடைய நொதிகளுள் எக்ஸ்பிடி என்பது ஒன்று, டி.என்.ஏ.வின் இழைகளைப் பிரித்துப் பழுதான இடத்தைத் திறந்துவிடுவது. மனித செல்லில் அது பத்துப் புரதங்கள் கொண்ட கூட்டத்தில் ஓர் உறுப்பினர்; தனியே பிடிப்பது கடினம். சல்ஃபோலோபஸிலும் தெர்மோபிளாஸ்மாவிலும் அது தனியாளாக வேலை செய்கிறது. 2008-இல் மூன்று குழுக்கள், தனித்தனியாக, இத்தொல்லுயிரிகளிலிருந்து அதன் வடிவத்தை வெளியிட்டன. நோயாளிகளிடம் கண்ட ஒவ்வோர் எழுத்துப் பிழையும் நொதியின் எந்த இடத்தில் விழுகிறது, அது ஏன் ஒருவருக்குப் புற்றுநோயையும் மற்றொருவருக்கு வளர்ச்சிக் குறைவையும் தருகிறது என்று அப்போதுதான் வடிவத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது.

எல்லாம் நம்முடையதைப் போலவே இருந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டி.என்.ஏ.வைப் படியெடுக்கும்போது விழும் பிழைகளைத் திருத்த, பாக்டீரியாவிலும் மனிதரிலும் உள்ள வழக்கமான நொதிகள் பெரும்பாலான வெப்பவிரும்பிகளில் காணப்படவில்லை. ஆனால் சல்ஃபோலோபஸின் பிழை விகிதமோ மற்ற நுண்ணுயிர்களைவிட அதிகமில்லை என்று டென்னிஸ் குரோகன் 2001-இல் அளந்து காட்டியிருந்தார். திருத்துபவர் யார்? 2016-இல் ஜப்பானில் இஷினோ குழுவினர் பைரோகாக்கஸில் முற்றிலும் வேறான ஒரு வெட்டுநொதியைக் கண்டனர். பொருந்தாத எழுத்து உள்ள இடத்தில் இரு இழைகளையும் வெட்டிவிடுகிறது அது. அறுந்ததை ஒட்டுவதில்தான் இவை சூரர்களாயிற்றே!

ஏழு ஏழாக அடுக்கிய பீப்பாய்

டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கலாம், ஒரே பிரதிதானே, காக்க வேண்டும். புரதம் கெட்டால் பெரும்பாலும் பிரித்து எறிந்துவிட்டுப் புதிது செய்வதே சிக்கனம். ஆனால் புரதத்தை வெட்டும் நொதியைச் செல்லுக்குள் அவிழ்த்துவிட்டால் நல்லதையும் வெட்டிவிடும். இதற்குச் செல் கண்ட வழி, வெட்டும் கத்திகளை ஒரு பீப்பாய்க்குள் அடைத்து வைப்பது. புரோட்டியசோம் என்பது இப்பீப்பாயின் பெயர். எதை உள்ளே தள்ளலாம் என்று நம் செல்களில் அடையாளம் ஒட்டும் யுபிகுவிட்டினைக் கண்டறிந்ததற்காக ஹெர்ஷ்கோ, சீக்கனோவர், ரோஸ் ஆகியோருக்கு 2004-இல் நோபல் பரிசு கிடைத்தது.

பீப்பாயின் உள்ளே பார்ப்பதுதான் தொல்லையாக இருந்தது. நம்முடையதில் 28 உறுப்புகள். அவை பதினான்கு வகை. ஜெர்மனியில் மார்ட்டின்ஸ்ரீடில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் வொல்ஃப்காங் பவ்மைஸ்டர் குழுவினர், 1989-இல் அதே போன்ற பீப்பாயை நிலக்கரிக் குப்பையின் தெர்மோபிளாஸ்மாவில் கண்டனர். அதிலும் 28 உறுப்புகள். ஆனால் வகையோ இரண்டே இரண்டு! 1995 ஏப்ரலில் அதன் முழு வடிவம் வெளியாயிற்று. ஏழு உறுப்பு கொண்ட வளையங்கள் நான்கு, ஒன்றன்மேல் ஒன்றாக. உயரம் ஒரு மில்லிமீட்டரை 67,000 கூறாக்கினால் அதில் ஒன்று. கத்திகள் நடு இரு வளையங்களின் உட்புறத்தில். வாயில் மிகக் குறுகியது. மடிப்புக் குலைந்து நூலாக அவிழ்ந்த புரதம்தான் நுழைய முடியும். வெட்டும் முனை திரியோனைன் என்ற அமினோ அமிலம் என்பதும் அதே ஆண்டில் தெரிந்தது.

மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்கு 2003-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற போர்ட்டிசோமிப் என்ற மருந்து, நம் பீப்பாயில் உள்ள இதே திரியோனைனைப் பிடித்து அடைத்துவிடுகிறது. இந்தப் புற்றுசெல்கள் அளவுமீறிப் புரதம் தயாரிப்பவை. குப்பை வெளியேறாவிட்டால் முதலில் மூச்சுத் திணறுவது அவைதான்.

வெப்பவிரும்பிகளின் புரதங்கள் நன்றாகப் படிகமாவது தொல்லுயிரிகளுக்கு மட்டும் உரியதன்று. எங்கள் மாவட்டத்துச் சிதம்பரத்தில் 1952-இல் பிறந்து, பௌதிகத்தில் டாக்டர் பட்டம் பெற்றபின் உயிரியலுக்கு மாறிய வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், 2000-இல் ரைபோசோமின் சிறு பாதியின் வடிவத்தைக் கண்டார். 2009-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவர் எடுத்துக்கொண்ட தெர்மஸ் தெர்மோஃபிலஸ் ஒரு பாக்டீரியம்; பிராக் கண்டதன் நெருங்கிய உறவு; ஜப்பானிய வெந்நீர் ஊற்றில் கிடைத்தது. புரதம் பிறக்கும் ஆலையின் சிறு பாதியையும் அது இறக்கும் பீப்பாயையும் நாம் முதலில் தெளிவாகக் கண்டது வெந்நீர் உயிர்களிடம்தான்.

அண்மைச் செய்தி ஒன்றும் உண்டு. சல்ஃபோலோபஸ் இரண்டாகப் பிரிவதை உயிரோடு பார்க்க வேண்டும் என்றால் நுண்ணோக்கியின் அடியில் 75 டிகிரி சூட்டை நிலையாக வைத்திருக்க வேண்டும். நீர் ஆவியாகக் கூடாது. காட்சி கலங்கக் கூடாது. பௌதிகக்காரனுக்குத்தான் இந்தத் தலைவலி புரியும். இங்கிலாந்தில் பஸ் பாம் குழுவினர் மூடியையும் சேர்த்துச் சூடாக்கும் கருவி ஒன்றை அமைத்து, 2020-இல் விடை சொன்னார்கள். செல்லின் இடுப்பில் முதலில் ஒரு புரத வளையம் கட்டப்படுகிறது. அந்த வளையம் இருக்கும்வரை செல் பிரிவதில்லை. நேரம் வந்ததும் புரோட்டியசோம் அந்த வளையத்தை விழுங்கிவிடுகிறது. உடனே அதனோடு இருந்த மற்றொரு வளையம் சுருங்கிச் செல்லை இரண்டாக்குகிறது. பீப்பாயை மருந்தால் அடைத்துப் பார்த்தார்கள். வளையம் அப்படியே நின்றது, செல்லும் பிரியாமல் நின்றது. அவ்வளையங்களை ஆக்கும் புரதங்களின் உறவினர்கள் நம்மிடமும் உள்ளன. நம் செல் இரண்டாகும்போது கடைசி இழையை வெட்டுவது அவைதான்.